ஏழு லோடு மண்

மோகன்குமார் பாலுசாமிக்குத் தர வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து முன்னூற்று ஐம்பது ரூபாய். ஏழு லோடு செம்மண், லோடு இரண்டாயிரத்து ஐம்பது. ஆறு வருஷமாக அது அப்படியே நிற்கிறது. முதல் வருஷத்தில் பாலுசாமி நாலு நடை போய்க் கேட்டுப் பார்த்தார். நாலாவது நடையில் மோகன்குமார், பேசின அளவுக்கு மேலே ஏழு லோடு கொட்டச் சொன்னது யார் என்று கேட்டான். பாலுசாமியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வெளியே வந்துவிடும். பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால்தான் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், மேஸ்திரி வேலை முடித்து, உக்கடம் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் காய்ந்த கையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, போனில் ஒரு பெண்குரல் அந்தத் தொகையை ஒரு ரூபாய் பிசகாமல் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூட்டத்திலிருந்து விலகி நின்றார்.

"ஏனுங்ணா, பாலுசாமியண்ணனுங்களா? நான் சரவணம்பட்டில இருந்து லோகப்பிரியா பேசறனுங்க. மோகன்குமார் ஊட்டுக்காரி."

வீடு கட்டின காகிதங்களைப் புரட்டும்போது ஒரு துண்டுச்சீட்டு கிடைத்ததாம். ஏழு லோடு மண், பாக்கி இவ்வளவு, கீழே இவர் பெயரும் நம்பரும். அந்தப் பாக்கியைத் தான் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு யோசனை வேண்டும். யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது என்றாள்.

கேள்வி ஒரு பைப்பைப் பற்றியது. வீட்டுக்குத் தென்புறம், செடி வைக்கிற இடத்தில், சுவரை ஒட்டி நாலு அங்குல பிவிசி பைப் ஒன்று இடுப்புயரத்துக்கு நின்றது. தலை மட்டும் கைத்தடி மாதிரி வளைந்து தரையைப் பார்த்திருக்கும். அது எதற்கு என்று கணவனைக் கேட்டால் செப்டிக் டேங்க் காற்றுப் பைப் என்றான். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, செப்டிக் டேங்க் வடக்கே அல்லவா இருக்கிறது, இது மழைத்தண்ணீர்ப் பைப் என்றார். நர்சரி வைத்திருக்கும் சிக்கந்தர் பாய், எப்பவோ போர் போட்டுத் தண்ணீர் வராமல் விட்டுப்போன குழாயாக இருக்கும் என்றார். வாட்ஸ்அப்பில் மாடித்தோட்டக் குழுவில் போட்டோ போட்டாள். பதினாறு பேர் பதினாறு விதமாகச் சொன்னார்கள், அறுத்து எடுத்துவிடலாம் என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒத்துப்போனார்கள். மோகன்குமார் வெளியூர் போயிருந்த ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அவளே ரம்பப் பிளேடு வைத்து அதைத் தரையோடு அறுத்து, மூடி ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, மேலே மண்ணைத் தள்ளிச் செம்பருத்தி வைத்தாள்.

அதற்கப்புறம்தான் எல்லாம். செம்பருத்தி கருகியது. மாற்றி வைத்தது, அதுவும் கருகியது. வேர்ப்புழு என்று சிக்கந்தர் பாய் வேப்பம்புண்ணாக்கு கொடுத்தார். மூன்றாவதும் கருகியது. அந்த மாதத்திலேயே ஹாலில் டைல்ஸ் இடுக்கில் உப்புப் பூத்தது. துடைத்தால் மறுநாள் அதே இடத்தில் பூக்கும். பெயின்ட் கடைக்காரர் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று ஒரு டப்பாவை விற்றார். டைல்ஸ் போட்டவன் டைல்ஸில் கோளாறு இல்லை, ஒட்டின பசையில் கோளாறு என்றான். ஹால் கதவு இப்போதெல்லாம் தானாகத் திறந்துகொள்கிறது. தச்சர் வந்து ஆடிக் காற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலுசாமி ஒன்றே ஒன்று கேட்டார்.

"சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா, அம்மணி?"

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அதை நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லீங்களே," என்றாள் அவள்.

அந்த ஹாலுக்கு அடியில் ஒரு கிணறு இருக்கிறது. மோகன்குமாரின் அப்பா காலத்துக் கிணறு, பதினாலடி வட்டம், ஐம்பதடி ஆழம். விவசாயக் காடு வீட்டு சைட்டாகி, வீடு வர வேண்டிய இடத்தின் நடுவில் அது வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மூடுகிற வேலையைப் பாலுசாமி குத்தகைக்கு எடுத்தார். கணக்குப்படி முப்பத்தெட்டு லோடு. கிணற்றை மூடுவதென்றால் சும்மா மண்ணைத் தள்ளிவிட முடியாது. பால் ஊற்றி, மஞ்சள் நீர் தெளித்து, சூடம் காட்டி, மூடப்போகிறோம் என்று அதனிடம் சொல்ல வேண்டும். கல் இடுக்கில் குடியிருக்கும் புறாக்களைப் பட்டாசு கொளுத்திப் போட்டுக் கிளப்ப வேண்டும். எல்லாம் முடிந்தபிறகும் ஒரு பைப்பை உள்ளே விட்டு அதன் தலையை வெளியே நிறுத்த வேண்டும். மூடின கிணறு மூச்சு விட வேண்டும் என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மேஸ்திரிகளும் கேட்பதில்லை. பைப்பை வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பாலுசாமியும் வைத்து, வீடு வரப்போகிற இடத்துக்குத் தென்புறம் அதன் தலையை இழுத்து நிறுத்தியிருந்தார்.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்து பார்த்தபோது, ஹாலுக்கடியில் கிணறு என்று தெரிந்தால் வாஸ்து சொல்லித் திரும்பிப் போய்விடுவார்கள் என்று மோகன்குமார் அதை மறைத்துவிட்டான். பாலுசாமியிடமும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அது அவன் மறைத்தது.

பாலுசாமி மறைத்தது வேறு.

முப்பத்தெட்டு லோடு கொட்டியும் கிணறு நிறையவில்லை. மண் போய் விழுகிற சத்தம் கேட்டது. மட்டம் ஏறவில்லை. கைக்காசைப் போட்டு இன்னும் ஏழு லோடு இறக்கினார். அப்போதும் மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் பள்ளம். நாற்பத்தைந்து லோடும் எங்கே போனது என்று கரையில் உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பையில் டீக்குக் காசில்லை. மறுநாள் விடியுமுன்னே, மோட்டார் நின்ற இரும்பு கர்டர் இரண்டு கிணற்றின் குறுக்கே கிடந்ததைப் பார்த்தார். மோட்டார் ரூமை இடித்த பலகைக்கற்கள் பக்கத்திலேயே குவிந்திருந்தன. கல்லை எடுத்து கர்டர்மேல் அடுக்கி, இடுக்கில் கலவை அடைத்து, மேலே இரண்டடிக்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திமுசு போட்டு இடித்து இறுக்கினார். மோகன்குமார் எட்டு மணிக்கு வந்தபோது தரை தரையாக இருந்தது.

கலவை அடைக்கும்போது கீழே சத்தம் கேட்டது. கிளப்பிவிட்ட புறாக்கள் சாயங்காலமே திரும்பி வந்து மிச்சமிருந்த இடுக்குகளில் அடைந்திருந்தன. இருட்டுக்குள் குறுகுறுவென்று பேசிக்கொண்டிருந்தன. பைப் வழியாக எப்படியாவது வெளியே வந்துவிடும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைசி இடுக்கையும் அடைத்தார். நாலு அங்குலப் பைப்பில் புறா ஏறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

லோகப்பிரியா வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மாதாந்திர மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கரண்ட் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கம்பெனி வேலை பார்க்க முடியாது, அதனால் அவள் சும்மா இருப்பாள். போகிற வழியெல்லாம் பாலுசாமி மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். சொல்லிவிட வேண்டும். ஹாலுக்கு அடியில் வெறும் பள்ளம் அம்மணி, மேலே நடக்காதீங்க, நாளைக்கே காலி செய்யுங்க. சொன்னால் பாக்கி போகும். பாக்கி போவதுகூடப் பரவாயில்லை, வீட்டு விலையைத் தன் தலையில் கட்டுவார்கள், போலீஸ் வரும். ஒரு வார்த்தையும் விடாமல் அந்தப் பெண்ணை அந்தத் தரைமேல் விட்டுவிட்டு வந்தால்? காளப்பட்டிப் பிரிவு தாண்டும்போது சொல்வது என்று முடிவு செய்தார். இறங்கும் ஸ்டாப் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றிக்கொண்டார்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் அவருக்கு என்னவோ போல இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் பிடிபட்டது. மோட்டார் இல்லை, மிக்சி இல்லை, எந்த வீட்டிலும் ஃபேன் சுற்றவில்லை. மேற்கேயிருந்து வரும் காற்று மட்டும் தென்னை ஓலைகளை ஒரே பக்கமாக வாரிவிட்டுக்கொண்டு போனது. வானம் மூடி, பகல் பதினொரு மணி சாயங்காலம் மாதிரி கிடந்தது. நகரம் தினமும் போடுகிற சத்தம் எவ்வளவு என்று அது நின்ற பிறகுதான் தெரிகிறது. அது எதையெதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்பதும்.

லோகப்பிரியா முப்பது வயதுப் பெண். தூக்கம் கெட்ட கண். கேட்டைத் திறந்துவிட்டு, வெய்யில் இல்லாதது நல்லதாப் போச்சுங்க என்றாள். சுவரோரம் அழைத்துப்போய்க் காட்டினாள். செம்பருத்திக் குச்சி கருப்பாக நின்றது. அதைச் சுற்றி இரண்டு முழத்துக்குப் புல் வெளிறிப் படுத்திருந்தது. தாறுமாறாகப் படுக்கவில்லை. ஒவ்வொரு புல்லும் நுனியை அந்தக் குச்சிக்கு நேராக நீட்டிப் படுத்திருந்தது. சிக்கந்தர் பாய் தண்ணீர் அதிகம் என்கிறார், குழுவில் தண்ணீர் போதவில்லை என்கிறார்கள், நீங்க என்ன சொல்றீங்க என்று அவள் கேட்டாள். பாலுசாமி வீட்டுக்குள் நடந்தார்.

ஹாலில் வாசம் அடித்தது. ஊதுபத்தியும் தரை துடைக்கிற திரவமும் மேலே, அதற்கு அடியில் வேறொன்று. பாசி, நனைந்த கருங்கல், பழைய மோட்டார் கிரீஸ், புறா எச்சம். கிணற்றங்கரையில் குனிந்தால் முகத்தில் வந்து மோதுமே, அந்தக் குளிர்ந்த வாசம். வெள்ளை டைல்ஸ் பளபளவென்று இருந்தது. சோபாவுக்கடியில் புகுந்து, டிவி மேசையைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக் கால்களுக்கு இடையே ஒரு வெள்ளை உப்புக்கோடு போனது.

"கீழ நின்னா ஒண்ணும் தெரியாதுங்ணா. படியில ஏறி நின்னு பாருங்க."

ஏறிப் பார்த்தார். வட்டம். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி பதினாலடி வட்டம். கோட்டுக்கு வெளியே தரை காய்ந்து கிடந்தது. உள்ளே, வேர்த்த முதுகு மாதிரி, டைல்ஸ்மேல் மெல்லிய ஈரம்.

"இது டைல்ஸ் பசை கோளாறுங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை அந்தக் கேள்வியில். யாராவது ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்கிற மாதிரி கேட்டாள்.

பாலுசாமி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வட்டத்துக்குள் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நின்றது. நாற்பது வருஷமாகப் பார்க்கிற குமிழி. நின்றால் நிற்கும். இது நிற்கவில்லை. மெதுவாக இடது கோட்டைத் தொட்டது. அங்கேயே கொஞ்சம் தங்கியது. மெதுவாக நடுவுக்குத் திரும்பி, வலது கோட்டுக்குப் போனது. தங்கியது. திரும்பியது. அவருடைய கை ரசமட்டத்தின்மேல் இல்லை.

தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி என்று நினைத்தார். நினைத்திருக்கக் கூடாது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தையும் கேட்டார். கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார், காதுதான் இப்போது ஒப்புக்கொண்டது. குறுகுறு. குறுகுறு. நிறைய. ஐம்பது அறுபது தொண்டைகள் சேர்ந்து, இருட்டில், நெருக்கியடித்துக்கொண்டு. மாடியில் புறா அடைகிறது என்று லோகப்பிரியா முதலில் நினைத்தாளாம். மாடியில் ஒரு இறகுகூட இல்லையாம். ராத்திரி இதே சோபாவில் படுத்தால் முதுகுக்குக் கீழே கேட்கிறது என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

பாலுசாமி பையிலிருந்த கொத்துக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் ஒரு டைல்ஸைத் தட்டினார். தொம் என்றது.

கீழே அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன.

பறந்தால் பரவாயில்லை, கத்தினால் பரவாயில்லை. நின்றன. காது கொடுக்கிற மாதிரி. பாலுசாமி முட்டி போட்ட நிலையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் எழுந்து வட்டத்துக்கு வெளியே கால் வைத்த பிறகுதான், ஒன்றொன்றாக, மறுபடி ஆரம்பித்தன.

ஆறு வருஷம். தீனி இல்லை, வெளிச்சம் இல்லை.

"அடியில என்னங்க இருக்குது?" என்றாள் லோகப்பிரியா. "அந்தச் சீட்டுல ஏழு லோடு மண்ணுன்னு இருக்குது. ஊடு சமதரையில இருக்குது. ஏழு லோடு எங்கீங்க போச்சு? எங்கூட்டுக்காரரக் கேட்டா எந்திரிச்சுப் போயிடறாரு. நீங்களாவது சொல்லிப்போடுங்க."

சொல்லத்தான் வாயெடுத்தார். மொதல்ல பைப்பைத் திறந்து பார்க்கறேனுங்க என்று மட்டும் வந்தது.

செம்பருத்திக் குச்சியைப் பிடுங்கினார். கைக்கு வலுவே வேண்டியிருக்கவில்லை, வேரே இல்லை. மண்ணைத் தள்ளினார். மூடி தெரிந்தது. ஒட்டின மூடி வெளியே பிதுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தார். அது உள்ளுக்குக் குழிந்து, சோற்றுக் கரண்டி மாதிரி வளைந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ வாய் வைத்து உறிஞ்சிப் பிடித்திருப்பதைப் போல. பிளேடை வைத்து ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

மூடி உள்ளே போனது. விழுந்த சத்தம் வரவில்லை.

காற்று உள்ளே போக ஆரம்பித்தது. தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்த தலை வெளியே வந்ததும் இழுக்குமே, அந்த இழுப்பு. நிற்கவில்லை. படுத்திருந்த புற்கள் நடுங்கின. காய்ந்த இலைகள் தரையோடு ஊர்ந்து வந்து ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவர் தோளிலிருந்த துண்டு நழுவி, குழாய் வாயில் ஒரு நொடி பந்தாகச் சுருண்டு நின்று, சரக்கென்று மறைந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இந்த உலகத்தில் எந்த நெஞ்சுக்கும் அவ்வளவு கொள்ளாது. பாலுசாமி தன் மூச்சும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருப்பது தெரியாமல் குனிந்து நின்றிருந்தார்.

பிறகு இழுப்பது நின்றது. விடவில்லை. இழுத்ததைப் பிடித்து வைத்துக்கொண்டது.

கேட்டில் பைக் சத்தம் கேட்டது. மேஸ்திரி வந்திருக்கிறார் என்று மனைவி மெசேஜ் போட்டதைப் பார்த்துவிட்டு, மோகன்குமார் பீளமேட்டிலிருக்கும் தன் பம்ப் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் இரும்புத்தூள், கையில் ஆயில். பாலுசாமியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"பிரியா, அண்ணனுக்கு டீ வை. நீயே வை, கடையில வாங்காத," என்று அவளைச் சமையலறைக்கு அனுப்பினான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். கேஸ் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

அவன் பாலுசாமியின் முழங்கையைப் பிடித்து ஹாலுக்குள் இழுத்துவந்தான். குரலை இறக்கி, வேகமாகப் பேசினான். கிணறு என்று ஒரு சொல் அவள் காதில் விழக்கூடாது. விழுந்தால் இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்குத்தான் இந்த வாஸ்து எல்லாம். ஏதாவது பசைக் கோளாறு என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

"சும்மா போகச் சொல்லலீங்ணா. உங்க பாக்கிய இப்பவே தீத்துப்போடறேன். எவ்வளவுங்க அது, பதினாலாயிரமா?"

"பதினாலாயிரத்து முன்னூத்தி அம்பது."

"அந்த அம்பதையும் உடமாட்டீங்களே," என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, சிக்னல் தேடி இரண்டடி நடந்தான். உப்புக்கோட்டைத் தாண்டினான். இன்னும் இரண்டடி. வட்டத்தின் நட்டநடுவில் நின்று நம்பரைக் கேட்டான்.

பாலுசாமி நம்பரைச் சொன்னார்.

சொல்லும்போதே அவர் கண் தரையில் கிடந்த ரசமட்டத்தில் விழுந்தது. எடுக்க மறந்து விட்டுவந்தது. குமிழி எப்போதும் மேட்டுப் பக்கம்தான் ஓடும். அது இப்போது ஓடிக்கொண்டிருந்தது. அங்குமிங்கும் இல்லை, ஒரே பக்கமாக. மோகன்குமாருக்கு எதிர்ப்பக்கமாக. கோட்டைத் தாண்டி, கண்ணாடியின் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

தரை அவனை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டைல்ஸ் டைல்ஸாக இருந்தது. புறாச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

தம்பி, இக்கட்ட வாங்க. மூன்றே சொல். அந்தப் பக்கம் நிற்காதே, இந்தப் பக்கம் வா. அவ்வளவுதான். பிறகு ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் கர்டர், கல், இரண்டு ஆள் பள்ளம். ஆறு வருஷம். மோகன்குமார் கட்டைவிரலால் ரகசிய எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். நாலு எண்ணா, ஆறு எண்ணா. பணம் வந்துவிட்டால் சொல்லிவிடலாம். வந்த உடனே. ஒரு நிமிஷம்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

பாலுசாமி குனிந்து எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் பார்த்தார். 14,350.00 வரவு வைக்கப்பட்டது.

நிமிர்ந்தார்.

ஹாலில் யாருமில்லை.

கதவு திறக்கவில்லை. காலடி இல்லை. கத்தல் இல்லை. தரையில் ஒரு கீறல்கூட இல்லை, ஒரு டைல்ஸ்கூட அசையவில்லை. உப்புக்கோடு இல்லை. துடைத்த மாதிரி. ஈரம் இல்லை. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றிருந்தது. அசையாமல்.

ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம், பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. நீளமாக, நிதானமாக, வயிறு நிறைந்தவன் விடுகிற மூச்சு. ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் முகத்தில் பட்டது. சூடாக இருந்தது. கிரீஸ் வாசமும் இரும்புத்தூள் வாசமும் அடித்தது.

"சக்கரை எவ்வளவுங்க போடட்டும்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவள் இரண்டு டம்ளரோடு வந்து நின்றாள். கணவர் எங்கே என்று கேட்டாள். பைக் வெளியே நிற்பதை எட்டிப் பார்த்தாள். தரை காய்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நாலு மாதத்தில் ஒருத்தராலும் முடியாததை ஒரே நாளில் செய்துவிட்டீர்களே என்றாள். ஒரு டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கணவனின் நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது. அவள் போனில் அல்ல. தோட்டத்தில். குழாய்க்குள். ஐம்பதடிக்கும் கீழே, அதற்கும் கீழே, மோகன்குமாரின் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாலுசாமிக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

நின்றது. யாரோ எடுத்தார்கள்.

"ஏனுங்க, டீ ஆறுது, எங்க போனீங்க?" என்றாள். கேட்டாள். தலையாட்டினாள். சரீங்க, சரீங்க என்றாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசோணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தார். குறுகுறு. நெருக்கமாக, காதுமடலில் இறகு உரசுகிற நெருக்கத்தில். நூறு இருக்கும். இருநூறு இருக்கும். அதற்கு நடுவில் மோகன்குமாரின் குரல், அவசரமில்லாமல், மரியாதையாக.

"பணம் வந்துதுங்களாண்ணா?"

பாலுசாமி ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்தார்.

"அப்ப நம்ம கணக்கு தீந்துதுங்க. எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுமில்ல." இறகுகள் ஒன்றோடொன்று உரசின. "ஆனா இங்க இன்னும் எடம் கெடக்குதுங்ணா. நெறைய எடம்."

லோகப்பிரியா அவருக்கு எதிரே நின்றிருந்தாள். ஹாலின் நடுவில். அவள் கையிலிருந்த டம்ளரில் டீ அசைந்தது. கை நடுங்கவில்லை. டீயின் நடுவில் ஒரு சிறு வட்டம் தோன்றி ஓரம் வரைக்கும் விரிந்தது. இன்னொன்று. அதற்குள் இன்னொன்று.

அம்மணி, இக்கட்ட வாங்க.

இந்தத் தடவை சொல்லிவிட்டார். வாய் திறந்து சொல்லிவிட்டார். நாக்கில் செம்மண் ருசித்தது. அவள், என்னங்க என்று சிரித்தபடி கேட்டாள், நகரவில்லை. இந்தப் பக்கம் என்று கையைக் காட்டிக்கொண்டே அவர் பின்னால் கால் வைத்தார்.

குதிகாலில் ஈரம் பட்டது.

திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், சுவரோடு சுவராக, வாசற்படிக்கு அந்தப் பக்கம் வரைக்கும், இருவரையும் உள்ளே வளைத்துக்கொண்டு, புது உப்புக்கோடு வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது.